தாப்பா ரோடு வேலியோரம்

...வருவாரா, வந்து நிற்பாரா, நேற்று போனில் அப்பா என்ன சொன்னார், "நான் ரயில்ல ஏற மாட்டேன் லா, தாப்பா ரோடு ஸ்டேசனுக்கு வாரேன், வேலிகிட்ட நிக்கிறேன்" என்றார், அவ்வளவுதான், மகள் முதன்முதலாகத் தனியாக ரயில் ஓட்டப் போகிறாள், அதற்கு ஒரு சபாஷ்கூடக் கிடையாது. குமுதா விசையை மெல்ல முன்னே தள்ளினாள், ஈப்போ நிலையம் நகர்ந்தது, நடைமேடையில் கூட வேலை செய்யும் உஸ்மான் அண்ணன் சிரித்துக்கொண்டே கையாட்டினார், ஏறும்போதே கிண்டல், "தெலுக் இந்தான் பக்கம் திருப்பிடாத தங்கச்சி"... எங்கே திருப்புவது, தண்டவாளம் இருந்தால்தானே. தாப்பா ரோட்டில் தெலுக் இந்தானுக்குப் பிரிந்து போன அந்தக் கிளைப்பாதையில்தான் அவள் அப்பா பத்துமலை தண்டவாளக் கட்டை மாற்றி, கல் கொட்டி, உயிரைக் கொடுத்து உழைத்தார், லாரி வந்ததும் ரப்பர் மூட்டைகள் போயின, பஸ் வந்ததும் ஆட்கள் போனார்கள், அவளுடைய ஆறு வயதில் ரயிலும் நின்றது. தண்டவாளத்தைப் போட்ட கையாலேயே பிடுங்கினார் அப்பா, அன்றிலிருந்து எந்த ரயிலிலும் ஏறவில்லை, பிடிவாதக்காரர், அந்தப் பிடிவாதம்தானே இங்கேயும் வந்திருக்கிறது, இரண்டு முறை ஓட்டுநர் தேர்வில் விழுந்தும் விடாமல்...

அப்போதெல்லாம் ரயில் வந்தால் அப்பாவின் ஆட்கள் ஒதுங்கி நின்று சக்கரத்தையே பார்ப்பார்கள், எது ஆடுகிறது, எது புகைகிறது என்று, எல்லாம் சரியென்றால் கடைசியில் கை தூக்கிக் காட்டுவார்கள். அவள் மட்டும் ஓட்டுநரைப் பார்த்துக் கையாட்டுவாள், ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை, அப்பா வேறு அதட்டுவார், "மேல என்னாடி வேடிக்க, கீழ பாரு." மேலேதான் பார்த்தேன் அப்பா, பார்த்துப் பார்த்து இதோ மேலேயே ஏறிவிட்டேன், ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டிய செல்லாயி மகள், பின்னால் இத்தனை பெட்டிகளும் என் கைக்குக் கட்டுப்பட்டு வருகின்றன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, ஓட்டுநர் அறையில் தனியாக வாய்விட்டுச் சிரித்தாள்.

தாப்பா ரோடு. வேலி, செம்பனைத் தோட்டம், அதோ... வந்துவிட்டார், பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. நீளமாக ஊதினாள், தேவைக்கு மேலேயே ஊதினாள். அப்பா நிமிரவே இல்லை, குனிந்து சக்கரங்களைத்தான் பார்த்தார், முதல் பெட்டி, அடுத்தது, அடுத்தது, பக்கக் கண்ணாடியில் அவர் சிறுத்துக்கொண்டே போனார், கடைசிப் பெட்டியும் கடந்த பிறகு அவர் கை உயர்ந்தது, எல்லாம் சரி, போகலாம். அது போதும், வேறு எந்தச் சான்றிதழும் வேண்டாம். பதிலுக்குக் கையாட்ட வேண்டும்போல் இருந்தது, விசையிலிருந்து கை எடுக்க முடியாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே... அப்படியானால் அந்த ஓட்டுநர்கள், திரும்பியே பார்க்காதவர்கள், அவர்களும் என்னை இப்படித்தான் பார்த்துக்கொண்டே போனார்களோ.