கயிற்றில் இரண்டு இழுப்பு

காலை எட்டு ஐம்பதுக்குச் சின்னவள் அந்த டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

கவிழ்த்துத் தட்டினாள். மேஜைக்கு அடியில் குனிந்தாள். தலையணையைப் புரட்டினாள். பீரோ கதவு, ஜன்னல் கம்பி, கட்டில் கால் என்று இரும்பு இருக்கிற இடமெல்லாம் கையால் தடவினாள். இல்லை.

இரும்பில் தேடியதற்குக் காரணம் இருந்தது. மகள் சிட்டுவுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஒன்றரை வயதில் ஆபரேஷன் செய்து தலைக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்திருந்தார்கள். அதன் மறுபாதி வெளியே இருக்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் விரல் நீள இயந்திரம், அதிலிருந்து மெல்லிய ஒயர், ஒயர் முனையில் காந்தம் வைத்த வட்டப் பொத்தான். தலையில் வைத்தால் பச்சென்று ஒட்டிக்கொள்ளும். அந்த நிமிஷத்திலிருந்து சிட்டுவுக்கு உலகம் கேட்கும். எடுத்துவிட்டால் ஒன்றும் இல்லை. வீட்டில் அதற்குக் காதுப்பொத்தான் என்று பெயர்.

இன்று பத்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் நேர்காணல். இரண்டு பள்ளிக்கூடங்கள் ஏற்கெனவே கையை விரித்துவிட்டன. இந்த மூன்றாவது இடத்துத் தலைமையாசிரியை மட்டும், "எம் முன்னாடி உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசட்டும். பேசிட்டா சீட்டு. ஆனா வியாழக்கிழமையோட லிஸ்ட் முடியுது," என்றிருந்தார்.

இன்றுதான் வியாழக்கிழமை. அரை மணி நேரப் பயணம். ஒன்பது ஐம்பதுக்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

சின்னவள் மகள் எதிரே மண்டியிட்டாள். தன் காதைத் தொட்டு, உதட்டை நிதானமாக அசைத்தாள்.

"எங்க?"

சிட்டு யோசிக்கவே இல்லை. ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி நீட்டினாள். "கீழ."

கீழே. ஏழு மணிக்கு மூன்றாம் மாடித் துணி கீழே போயிற்று. அதில் சிட்டு இரவு போட்டிருந்த கவுனும் இருந்தது. அந்தக் கவுனில் பை இருக்கிறது.

செருப்புப் போடாமல் படியில் பாய்ந்தாள்.

அந்த வீடு ஒல்லியாக, உயரமாக, நான்கு தளமாக நின்றது. தரைத்தளத்தில் மூத்த மருமகள். முதல் மாடியில் மாமனார். இரண்டாவதில் கல்யாணமாகாத கடைசி மகன், எல்லோருக்கும் தம்பி, எலக்ட்ரீஷியன். மூன்றாவதில் இளைய மருமகளான சின்னவளின் குடும்பம். அதற்கு மேல் மொட்டைமாடி. வாஷிங் மெஷின் தரையில், கொடி மொட்டைமாடியில். இரண்டுக்கும் நடுவே அறுபத்தெட்டுப் படிகள்.

மூத்தவள் கல்யாணத்துக்கு முன்பு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசர். வந்த மூன்றாம் மாதமே வீட்டுத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள். மாடிக்கு ஒரு நிறம். ஒவ்வொரு துணியின் கழுத்துப்பட்டியிலும் அந்த நிற நூலில் ஒரு தையல். படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறும் நடுக்குழியில் தம்பியை விட்டு ஒரு கப்பி மாட்டச் செய்தாள். அதில் கயிறு, கயிற்றில் ஒரு சதுர இரும்புப் பெட்டி. அழுக்கு இறங்கும், ஈரம் ஏறும். கயிற்றை ஒரு தரம் இழுத்தால் உச்சியில் மணி ஒரு தரம் அடிக்கும்: மேலே போகிறது. இரண்டு தரம் அடித்தால்: கீழே வருகிறது. துவைக்க வேண்டியது பெட்டிக்கு உள்ளே. பட்டன் போனது, ஜிப் போனது, எதுவாக இருந்தாலும் ரிப்பேர் என்றால் பெட்டிக்கு வெளியே, கிளிப் போட்டுத் தொங்க வேண்டும். கலந்துவிட்டால் மூத்தவள் முகம் இரண்டு நாளைக்குச் சரியாக இருக்காது.

"யாரது, வீடே இடியுது?" முதல் மாடியிலிருந்து மாமனார் குரல். "இந்தா, நில்லும்மா. என் பனியன்ல மஞ்சள் நூல் இருக்கு. நான் எந்த மாடி?"

"அப்புறம் மாமா."

"அப்புறம்னா, அதுவரைக்கும் நான் எதைப் போடறது?"

அவள் அதற்குள் தரையில் இருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் நுரை. நுரைக்குள் நீலக் கவுன் ஒரு சுற்று வந்து மறைந்தது. இன்னும் நாற்பத்தொரு நிமிஷம் என்றது எண்.

"அக்கா, நிறுத்துங்க."

மூத்தவள் பெட்ஷீட் அடுக்கிலிருந்து நிமிர்ந்தாள். "பாதியில நிறுத்தினா கதவு தெறக்காது. என்ன அவசரம்?"

"சிட்டுவோட காதுப்பொத்தான் உள்ள இருக்கு."

வாக்கியம் முடிவதற்குள் மூத்தவளின் கை சுவிட்சில் இருந்தது. அடுத்த நொடி நடுக்குழியில் தலையை நீட்டினாள். "தம்பி, ஸ்க்ரூடிரைவரோட வா. இப்பவே வா."

தம்பி ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையுமாக இறங்கி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தான். தண்ணீர் பீறிட்டுத் தரையெல்லாம் ஓடியது.

"கதவு எப்ப தெறக்கும்?" என்றாள் சின்னவள்.

"தண்ணி முழுக்க வடியணும் சின்னண்ணி. அதுவரைக்கும் அது சாமி சொன்னாலும் கேக்காது."

மூன்று பேரும் தண்ணீர் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பது ஐந்து. ஒன்பது எட்டு. டக்கென்று ஒரு சத்தம். கதவு விட்டது.

மூத்தவள் ஒவ்வொரு துணியாக எடுத்துத் தையல் தையலாக அழுத்திப் பார்த்தாள். கவுன் வந்தது. பையில் கை போயிற்று. காலி. ஒரு காலுறைக்குள் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது. சின்னவள் பிடுங்கி உதறினாள். பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று விழுந்து உருண்டது.

தம்பி டிரம்முக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தான். "இங்க இல்ல. ஃபில்டர்லயும் இல்ல."

ஒன்பது இருபது.

"போடறதுக்கு முன்னாடி பையைப் பாத்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"பாத்தேன்."

"சரியா பாத்தீங்களா?"

தம்பி நுரையைத் துடைப்பதை நிறுத்தினான். மூத்தவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் சட்டை பாத்த கை இது."

"இது சட்டை இல்லக்கா. என் பொண்ணோட காது."

"காதுன்னு தெரியுதுல்ல? அதை ஏன் அவ கைக்கு எட்டற மாதிரி வெச்ச?"

"உங்க சட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டு ஏழு மணிக்குத் துணி இறக்கணும்னு பறந்துக்கிட்டு இருந்தேன். அதனாலதான் கவனிக்கல."

"ஆமா, நீ ரொம்பக் கட்டுப்படுவ. பெட்ஷீட் மடிக்க ஒரு முனையைப் பிடின்னு கூப்பிட்டா ஒரு நாள் வந்திருக்கியா? தலைவலி, போன், குழந்தைக்கு சாப்பாடு..."

"ரெண்டு பேரும் ஒரு நிமிஷம்..." என்று ஆரம்பித்த தம்பியை இரண்டு பேருமே சேர்ந்து முறைத்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அன்று அதுதான் முதல்.

அப்போது உச்சியில் மணி அடித்தது. ஒரு முறை. மறுபடி ஒரு முறை.

மூவரும் திரும்பினார்கள்.

சிட்டு எப்போது இறங்கி வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. கடைசிப் படியில் நின்று எவ்வளவு நேரம் மூன்று வாய்களும் வேகமாக அசைவதைப் பார்த்தாளோ, அதுவும் தெரியாது. இப்போது சுவர்க் கொக்கியில் கட்டியிருந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் மறுபடி இழுத்தாள். இரண்டு இழுப்பு.

கீழே இறக்கு.

முதலில் புரிந்தது மூத்தவளுக்கு. அந்தக் கணக்கு அவள் போட்டது. ஓடிப்போய்க் குழந்தை எதிரே உட்கார்ந்தாள். "எங்கடா?"

சிட்டு மேலே காட்டினாள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள். ஒட்டினாற்போல். "பெரிம்மா. ரிப்பேர்."

மூத்தவள் சட்டென்று எழுந்து நடுக்குழியில் அண்ணாந்தாள்.

"தம்பி, டார்ச்சை மேல அடி."

எட்டரை மணிக்கு, முதல் சுற்றில் துவைத்த பெட்ஷீட்டுகளை ஈரத்தோடு பெட்டியில் வைத்து அவள்தான் மேலே ஏற்றியிருந்தாள். போய்க் காயப்போடவில்லை. பெட்டி மொட்டைமாடித் திறப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. டார்ச் வெளிச்சம் அதன் அடியைத் தொட்டு மெதுவாகப் பக்கவாட்டுக்கு நகர்ந்தது. சுவரைப் பார்த்த பக்கத்தில், பெட்டியின் வெளியே, சாம்பல் நிற இரும்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதிலிருந்து ஓர் ஒயர். ஒயர் முனையில் விரல் நீள இயந்திரம், லேசாக ஆடிக்கொண்டு.

ரிப்பேர் என்றால் பெட்டிக்கு வெளியே. குழந்தை சட்டத்தை அப்படியே பின்பற்றியிருந்தது. அதற்குக் கிளிப் தேவைப்படவில்லை. படிப் பக்கம் ஒட்டியதுதான். இறங்கும்போது பெட்டி திரும்பிக்கொண்டது. சுவர்ப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

சின்னவள் படியை நோக்கிப் பாய்ந்தாள். மூத்தவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மேல போய் என்ன செய்வ? பெட்டியை உள்ள இழுத்தா அந்தப் பக்கம்தான் விளிம்புல உரசும். மொட்டைமாடியிலேருந்து கை எட்டாது. இறக்கித்தான் ஆகணும்."

"இறக்கறப்ப உரசினா?"

இரண்டாம் மாடிக்குக் கீழே சுவரில் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளாம்ப் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு தரமாவது பெட்டி அதில் இடிக்கும். அங்கிருந்து விழுந்தால் சிமெண்ட் தரை.

மூத்தவள் அடுக்கிலிருந்து ஒரு பெட்ஷீட்டை உருவினாள். "முதல் மாடிக்கு வா. நீ அந்தப் படியில நில்லு, நான் இந்தப் படியில. சுவரோட ஒட்டிப் பிடிக்கணும். தம்பி, கயிறு உன் கையில. எங்க ஷீட்டைத் தாண்டி மேல உனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னா இறக்கு, சொன்னா நிறுத்து."

"அண்ணி, ஈரத்துணி முப்பது கிலோ இருக்கும். கை வழுக்கினா..."

"வழுக்கக் கூடாது."

முதல் மாடியில் இருவரும் நடுக்குழியின் எதிரெதிரே நின்று விரிப்பை இழுத்துப் பிடித்தார்கள். நான்கு முனை, நான்கு கை. மாமனார் வெற்று மார்போடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "இங்கயா காயப்போடறீங்க?"

"மாமா, உள்ள போங்க," என்றார்கள் இருவரும்.

"இறக்கு," என்றாள் மூத்தவள்.

கப்பி முனகியது. பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெட்ஷீட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் விரிப்பில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. மூன்றாம் மாடி தாண்டியது. பெட்டி லேசாகத் திரும்பியது. இயந்திரம் ஊசலாடிச் சுவரைத் தொட்டது. பொத்தான் இரும்பில் ஒரு விரற்கடை நழுவியது.

"நிறுத்து."

பெட்டி நின்றது. ஆட்டம் அடங்கியது.

"இறக்கு. மெதுவா. இன்னும் மெதுவா."

கிளாம்ப் நெருங்கியது.

"உன் பக்கம் தளருது," என்றாள் மூத்தவள், கண்ணை எடுக்காமலே. "ஷீட் மடிக்கிற மாதிரி பின்னால சாய்ஞ்சு இழு."

"எனக்கு மடிச்சுப் பழக்கமில்லையே."

"இன்னிக்குப் பழகு."

சின்னவள் பின்னால் சாய்ந்தாள். விரிப்பு விறைத்தது. பெட்டியின் விளிம்பு கிளாம்பில் மோதியது. கிரீச் என்று ஓர் உரசல். பொத்தான் பிடியை விட்டது. ஒயர் சுழன்றது. விரிப்பின் சுவரோர மூலையில், துணி மீது துணி விழுந்த மாதிரி, சத்தமில்லாமல் வந்து விழுந்தது.

"நிறுத்து தம்பி. கட்டிடு," என்றாள் மூத்தவள்.

ஒன்பது முப்பத்தெட்டு. சின்னவள் முந்தானையால் துடைத்தாள். மேல் பக்கத்தில் ஈரம். உள்ளே போனதா தெரியவில்லை. விளக்கு எரியவில்லை. பேட்டரியைக் கழற்றினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார்ஜர்," என்றாள். "ராத்திரி ப்ளக் மாட்டினேன். சுவிட்சைப் போட்டேனான்னு ஞாபகமே இல்லக்கா. அவ காலையில மாட்டிப் பாத்திருக்கா. சத்தம் வரல. அதான் உங்களுக்கு அனுப்பிட்டா."

சொல்ல மூத்தவளிடம் நிறைய இருந்தது. "வேற பேட்டரி இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மேலே சின்னவளின் கைப்பையில் சார்ஜ் போட்ட ஒன்று இருந்தது. தம்பி ஓடி எடுத்துவந்து, தொடுமுனைகளை உலர்த்தி, ஊதி, மாட்டினான். ஒரு வினாடி. இரண்டு. பச்சைப் புள்ளி ஒன்று கண் சிமிட்டியது.

சின்னவள் பொத்தானை மகள் தலையில் வைத்தாள். பச்சென்று ஒட்டியது. மூத்தவள் குழந்தையின் முதுகுப் பக்கம் போய், வாய் தெரியாமல் நின்று, சாதாரணக் குரலில் சொன்னாள்.

"சிட்டு, தாத்தா பனியன்ல என்ன நிற நூல் வரணும்?"

சிட்டு திரும்பினாள். "செவப்பு."

"பாத்தியா," என்றார் உள்ளேயிருந்து மாமனார். "குழந்தைக்குத் தெரியுது."

ஒன்பது நாற்பத்தொன்பதுக்கு தாயும் மகளும் வாசலைத் தாண்டினார்கள். சின்னவள் காலில் இருந்தது மூத்தவளின் செருப்பு.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மூத்தவள் தரையில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சீட்டு கொடுத்துட்டாங்க."

மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நல்லா பேசினாளா?"

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னா. அம்மா வீட்டுல என்ன வேலை செய்வாங்கன்னு கேட்டாங்க. பெட்ஷீட் பிடிப்பாங்க, இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்காங்கன்னு சொல்லிட்டா. மானம் போச்சு."

மூத்தவள் சத்தமாகச் சிரித்தாள். போனை வைத்த பிறகு எழுந்து போய், காலியாக இறங்கியிருந்த இரும்புப் பெட்டியின் நான்கு பக்கத்தையும் வெளியே உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். சுவர்ப் பக்கத்தை இரண்டாவது தடவையும். பிறகுதான் மூன்றாம் மாடித் துணியை மறுபடி மெஷினில் போட்டாள்.