இலைக்கு இரண்டு நாள்

மூன்று நாடுகள் சேர்ந்து செய்கிற ஆராய்ச்சி என்று எங்கள் ஆய்வகச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. ஒரு நாட்டில் புதுசாக ஒரு பூச்சைத் தயாரித்து அதைத் தாள் பட்டையில் தடவுகிறார்கள். இன்னொரு நாட்டில் அந்தப் பட்டையால் பயிர்நோய் பார்க்கிறார்கள். நாங்கள் மனிதர்களின் சிறுநீரகத்தைப் பார்க்கிறோம். ஒரு சொட்டு மூத்திரம் விட்டால் போதும், கோளாறு இருந்தால் பட்டை நீலமாகும். அந்த மூத்திரத்தை வாங்கி வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதற்குத்தான் நான்.

எங்கள் வீட்டில் காலேஜ் படி மிதித்த முதல் ஆள் நான். அம்மா போன பிறகு என்னை வளர்த்த சித்தி, நீராவிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஹோட்டல், ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கொதிக்கிற உருளைக்குள் கொடுத்து மறுபக்கம் உருவி எடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டும் என்பதால் அங்கே யாரும் தண்ணீரே குடிப்பதில்லை. ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா? என் முகத்துக்காக இருநூற்றுப் பத்துப் பேர் மூத்திரமும் ரத்தமும் கொடுத்தார்கள்.

"விழுந்து விழுந்து படிச்சு, கடைசியில எங்க மூத்திரத்தக் கேட்டு வந்து நிக்கிறா பாரு" என்றாள் சித்தி. வரிசையே சிரித்தது.

ஒப்புதல் படிவத்தை நான்தான் படித்துக் காட்டினேன். தனி ஆளுக்கு முடிவு தெரிவிக்கப்பட மாட்டாது என்று மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஷிப்ட் மணி அடிக்கப் போகிறது, சீக்கிரம் என்று எங்கள் ஆய்வகத்தை நடத்துகிற மேடம் கண்ணைக் காட்டினார். அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டேன். ரிசல்ட் சொல்வீங்கல்ல என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையை ஆட்டினேன்.

பட்டை சொல்வது சரிதானா என்று பார்க்க, ரத்தத்தை ஆஸ்பத்திரி மெஷினிலும் கொடுத்தோம். பத்தொன்பது பேருக்குச் சிறுநீரகம் பழுது. பட்டையும் அதே பத்தொன்பதைக் காட்டியது. மேடம் கேக் வெட்டினார். யாரும் பெயரைப் பார்க்கவில்லை, எல்லாம் எண்கள்தான். எந்த எண் யாருடையது என்ற நோட்டு பூட்டிய பீரோவில் இருந்தது. சாவி என்னிடம். எட்டு மாதம் அதைத் திறக்கவில்லை. பூச்சுக்காரப் பேராசிரியர் தன் நாட்டில் எனக்குப் பிஎச்டி இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதனால்தான் திறக்கவில்லை. வேறு காரணம் சொல்லி என்னை நல்லவளாக்கிக்கொள்ள மாட்டேன்.

இன்று காலை வீடியோ மீட்டிங். ஒரு பண்ணையில் இலைகளைச் சோதித்தபோது பட்டை நீலமானதாம். இரண்டே நாளில் பண்ணைக்காரருக்குச் சொல்லி மொத்த வயலையும் காப்பாற்றிவிட்டார்களாம். பயிர்ப் பிரிவுக்கு அப்படி ஒரு விதியே இருக்கிறதாம். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பத்தொன்பது பேருக்கு எப்போது சொல்வது என்று கேட்டேன். பூச்சுக்காரப் பேராசிரியர் ரொம்ப அன்பாக விளக்கினார். அங்கீகாரம் வாங்காத பட்டையைக் காட்டி மனிதர்களைப் பயமுறுத்துவது தர்மமில்லையாம். மெஷினும் அதைத்தானே சொன்னது என்றேன். அது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தானாம்.

மேடம் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பண்ணைக்காரன் கோர்ட்டுக்குப் போவான், அதனால சொல்றாங்க. உங்க ஆளுங்க எங்க போவாங்க? நீ போற வழியப் பாரு."

உங்க ஆளுங்க. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாவி ஞாபகம் வந்தது என்பது கேவலம். பீரோவைத் திறந்து பத்தொன்பது பெயர்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். நூற்று நாற்பத்தேழாம் எண், சித்தி.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் வீங்கிய காலை நீட்டியபடி முழங்கால் வலி மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் ஒன்று போடுவாள். கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை எமன். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கே டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ரிசல்ட் வந்து எட்டு மாசம் ஆச்சு சித்தி. அதுல நீயும் இருக்கேன்னு இன்னிக்குத்தான் தெரியும்."

"சாவி ஒங்கிட்டதானடி இருந்துச்சு?"

நான் மாத்திரை அட்டையை என் பைக்குள் திணித்தேன். அவள் விடவில்லை.

"மத்தவங்களுக்குச் சொல்லிட்டியா?"

எல்லோருக்கும் சொன்னால் வேலையும் போகும், வெளிநாட்டு இடமும் போகும் என்றேன். உனக்கு மட்டும்தான் சொல்கிறேன் என்றேன், என்னவோ பெரிய தியாகம் செய்கிறவள் மாதிரி.

"எனக்கு மட்டும் சொல்றதுக்கா அத்தன பேரும் கைய நீட்டுனாங்க? என்னப் பாத்தா குடுத்தாங்க? உன்னப் பாத்துக் குடுத்தாங்க." செருப்பை மாட்டினாள். "எழுந்திரு. பக்கத்து வீட்டுலேருந்து ஆரம்பி. நான் பேச மாட்டேன், நீயே சொல்லு."

பக்கத்து வீட்டு அக்கா சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிறவள். முப்பத்து மூன்று வயது. பட்டியலில் ஆறாவது பெயர். என்னைப் பார்த்ததும் நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள். "வெளிநாட்டுக்குப் படிக்கப் போறியாமே? உங்க சித்தி கூடம் முழுக்கச் சொல்லிட்டாங்க" என்று சிரித்தாள்.

சித்தி வாசலில் நின்றாள். நான் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க குடுத்த ரத்தத்துல கோளாறு தெரிஞ்சுது. உங்க சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கு" என்றேன். "எட்டு மாசமா எனக்குத் தெரியும்."