சம்பந்தி வண்டி

அங்கமுத்து ஓட்டிய பச்சை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் காரியம், முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. பெரம்பலூரில் பிடித்தால் அரியலூரில்தான் விடுவேன். இறங்கிப் பார்த்தால் உள்ளங்கை இரண்டிலும் துரு ஒட்டியிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிய பிறகும் விரல்கள் கொஞ்ச நேரம் சொன்னபடி கேட்காது.

எண்பத்திரண்டாம் வருஷம் அது. என் கணவர் சிவசுப்பிரமணியனுக்குப் பெரம்பலூரில் வேலை. எனக்கு அரியலூரில் ஆபரேட்டர் வேலை. காலையில் எனக்குத் தோதான வண்டிகள் இரண்டே இரண்டு. முதலில் அங்கமுத்துவின் பச்சை வண்டி கிளம்பும். அது தெருவைத் தாண்டுவதற்குள் சாமிதுரையின் மஞ்சள் வண்டி பின்னாலேயே உறுமும். இருவரும் வேறு வேறு முதலாளிகளிடம் வேலை பார்த்தார்கள். குன்னத்தில் காத்திருக்கிற கூட்டத்தை யார் முதலில் அள்ளுவது என்பதுதான் அவர்களுக்குள் சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவில் அறுபது எழுபது உயிர்கள் உட்கார்ந்திருக்கிறதே என்ற நினைப்பு இரண்டு பேருக்குமே கிடையாது.

ரோடு என்று பேர்தானே தவிர, ஒரு வண்டி அகலத்துக்குத்தான் தார். இரண்டு பக்கமும் கரிசல் மண். மழை பெய்தால் அதில் இறங்கிய சக்கரம் லேசில் ஏறாது. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். அங்கமுத்து இறங்கியதை நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் குதிப்பார்கள். புல்லுக்கட்டோடு வருகிற பொம்பிளைகள் பள்ளத்தில் இறங்கி நின்று திட்டுவார்கள். இந்த மனுஷன் அவர்கள் பக்கமாகவே வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுப் போவார். ஸ்டாப்பில் நிறுத்த மாட்டார். தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தி, மூட்டையோடு ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் வேடிக்கை பார்ப்பார். பின் சீட்டு இளவட்டங்கள் வேறு, "விடாதண்ணே, அமுக்குண்ணே" என்று தூபம் போடும்.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. கண்டக்டர் தர்மனிடம் சொன்னேன். அவன் பாவம், தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டி, அதை ஊதினாலே அண்ணன் காதில் விழுவதில்லை என்றான். முதலாளிக்கே போன் போட்டுக் கேட்டேன். வேகமாகப் போகிறது என்றுதான் ஜனம் ஏறுகிறது என்று அவர் சிரித்தார். கடைசியில் அங்கமுத்துவிடமே போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பயமா இருந்தா மாட்டு வண்டி புடிச்சுப் போம்மா. ஆபீசு சாயந்தரம் தொறக்குமான்னு கேட்டுக்க."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று எனக்குள் இருந்தது. அது பயம்.

எனக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. திருச்சி டாக்டரம்மா இந்த முறை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: குலுங்கக் கூடாது, விழக் கூடாது, பயப்படக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்த இடம் எதுவென்றால் அங்கமுத்துவின் பஸ்தான். கண் பட்டுவிடும் என்று வெளியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் கணவர் மட்டும் தினமும் ராத்திரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். கடைசியில் ஒரு நாள் சொல்லிவிட்டார். மாசி பிறக்கிற வரை பார்ப்போம், அதற்குள் மாற்றல் வராவிட்டால் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடு என்று.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த வேலை நானே பரீட்சை எழுதி வாங்கியது. ஊர் ஊராக மனிதர்களை ஒருவரோடொருவர் பேச வைக்கிற அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்கு என்னைப் பிடிக்கும். ஒரு டிரைவரின் திமிருக்காகப் பிள்ளையா வேலையா என்று நான் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

மார்கழியில் ஒரு காலை. பேரளி தாண்டி வண்டி பறந்துகொண்டிருந்தது. முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுரோட்டில் ஆடி அசைந்து போனது. நான் கம்பியை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினேன். ஹாரன் அலறும், டிராக்டர் பள்ளத்தில் இறங்கும், பிறகு கெட்ட வார்த்தை வரும். இதுதானே வழக்கம்.

ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்தால் எங்கள் பஸ் டிராக்டரின் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அங்கமுத்து வாயில் இருந்த பீடியை வீசிவிட்டு, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஹாரனில் கை வைக்கவே இல்லை. பின்னால் மஞ்சள் வண்டி கத்து கத்தென்று கத்தி, மண்ணில் இறங்கி முந்திக்கொண்டு போனது. சாமிதுரை கை காட்டிக் கேலி செய்தார். அதற்கும் இவர் அசையவில்லை. குன்னம் வரைக்கும் அப்படியே போனோம். டிராக்டர் திரும்புகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுந்து நின்று ஒரு கும்பிடு வேறு.

அது யார் என்று தர்மனைக் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"வைரக்கண்ணு அய்யா. அண்ணனோட சம்பந்தி. மூத்த பொண்ணக் குடுத்த எடம். பொண்ணு குடுத்தவரு எப்புடிங்க முந்திக்கிட்டுப் போவாரு?"

அரசாங்கத்துக்குப் பயப்படாதவர், முதலாளிக்குப் பயப்படாதவர், எமனுக்கே சைடு கொடுக்காதவர் சம்பந்திக்குச் சைடு கொடுக்கிறார். அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. அங்கமுத்துவுக்கு இரண்டாவது பெண் இருக்கிறாள், பெயர் பூங்காவனம், வரன் பார்க்கிறார்கள் என்றும் தர்மனே சொல்லியிருந்தான். சாமிதுரைக்கு ஒரு மகன், இளையபெருமாள், சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். இரண்டு குடும்பமும் ஒரே ஜனம். பெண் கொடுத்து எடுக்கிற முறையும் இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

வீட்டில் சொன்னதும் என் கணவருக்குப் புரை ஏறியது. பஸ்ஸை மெதுவாக ஓட்ட வைக்க யாராவது கல்யாணம் பண்ணி வைப்பார்களா என்றார். எனக்கும் உறுத்தல் இருந்தது. என் பயத்துக்கு ஊரான் வீட்டுப் பெண்ணைப் பலி கொடுக்கக் கூடாது. அதனால் பையனைப் பற்றி ஆலையில் நாலு பேரிடம் விசாரித்தேன். குடி கிடையாது, வாய்த்துடுக்கு கிடையாது, அப்பனைப் போல இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கமுத்து வீட்டுக்குப் போய் அவர் மனைவி பொன்னாயியிடம் பேச்சை எடுத்தேன். பூங்காவனம் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். பொன்னாயிக்கு இடம் பிடித்துப்போனது. வாசலில் ஒவ்வொரு ராத்திரியும் பஸ் சத்தத்துக்குக் காத்திருந்து காத்திருந்து தனக்குத் தூக்கமே செத்துப்போய்விட்டது என்று அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

சாயந்தரம் திரும்புவது சாமிதுரையின் வண்டியில். அவரிடம் சொன்னதும் முதலில் முறைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அவன் பொண்ண நாங்க எடுத்தா, அப்புறம் அவன் காலத்துக்கும் என்னை முந்த முடியாதுல்ல?"

உடனே சம்மதம். அங்கமுத்துவோ அதே காரணத்துக்காகக் குதித்தார். ஊர் உலகத்தில் வேறு மாப்பிள்ளையே கிடைக்கவில்லையா, அந்த மஞ்சள் வண்டிக்காரன் பின்னாலேயே சாகிற வரை புழுதி தின்றுகொண்டு போக வேண்டுமா என்று வீட்டில் சாமி ஆடினாராம். அந்த வாரம் முழுவதும் என்மேல் இருந்த எரிச்சலையெல்லாம் ஆக்ஸிலேட்டரில் காட்டினார். ஒரு திருப்பத்தில் நான் சீட்டிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போய், பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுதேன். தை பாதி ஓடிவிட்டது. தோற்றுவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பொன்னாயி விடவில்லை. பெண் பார்க்க வரச் சொல்லி அவளே சாமிதுரை வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். பேச்சை எடுத்தவள் என்று என்னையும் அழைத்திருந்தாள்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. இரண்டு டிரைவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டில் எதிரே வருகிற வண்டிகள் மாதிரியே யார் முதலில் இறங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கமுத்து வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். சாமிதுரை வேண்டுமென்றே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பூங்காவனம் தட்டோடு வந்து எல்லோரையும் கும்பிட்டாள். பையனின் அம்மா, நீயும் ஏதாவது கேட்பதென்றால் கேளம்மா என்று முறைக்குச் சொன்னாள். யாரும் அந்தப் பெண் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் இளையபெருமாளை நேராகப் பார்த்தாள்.

"நீங்க வண்டி ஓட்டுவீங்களா?"

"இல்ல. மிசினு ரிப்பேர் பாக்குற வேலதான்."

"அப்ப எனக்குச் சம்மதம்."

தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். படிப்பு, சம்பளம், ஊர், உறவு, எதையும் கேட்கவில்லை. கேட்டது அது ஒன்றுதான்.

பொன்னாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையனின் அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டுதானே இத்தனை வருஷம் இருந்திருப்பாள். சாமிதுரை நீட்டியிருந்த காலை மடக்கினார். அங்கமுத்துவை அப்போதுதான் பார்த்தேன். மகள் போன வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வெற்றிலை இருந்தது. மெல்லவில்லை.

என்னால் அடக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாததை அங்கே சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்கு வயித்துல இருக்குண்ணே. மூணாவது. முன்னாடி ரெண்டும் தங்கல. தெனமும் உங்க வண்டியில கம்பியப் புடிச்சுக்கிட்டு இதையாவது வுட்டு வை சாமின்னு வேண்டிக்கிட்டு வரேன்."

அங்கமுத்து என்னைப் பார்க்கவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, சாமிதுரையின் முகத்தைப் பார்த்தார்.

"பொண்ணக் குடுக்குறேன். இனிமே நீங்களே முன்னாடி போங்க."

"நான் எங்க போறேன்," என்றார் சாமிதுரை. "நீங்கதான் மொதல்ல கெளம்புறீங்க. நீங்களே போங்க சம்பந்தி."

தை கடைசியில் தட்டு மாற்றினார்கள். வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. அதற்கப்புறம் அந்த ரோட்டில் நடந்த கூத்து வேறு மாதிரி. குன்னத்தில் பச்சை வண்டி நின்றால் மஞ்சள் வண்டியும் பின்னால் நிற்கும். நீங்க ஏத்துங்க என்று இவர் கை காட்டுவார். சேச்சே, நீங்க ஏத்துங்க என்று அவர் கை காட்டுவார். கூட்டம் இரண்டு வண்டிக்கும் நடுவில் மூட்டை முடிச்சோடு நின்று சிரிக்கும். முதலாளிகள் இரண்டு பேருக்கும் ஏக வருத்தம். பின் சீட்டு இளவட்டங்களுக்கு அதைவிட வருத்தம்.

அது மட்டும் இல்லை. குன்னத்துக்கு இந்தப் பக்கம் வைரக்கண்ணுவின் சொந்தக்காரர்கள். அந்தப் பக்கம் அரியலூர் வரை சாமிதுரையின் சொந்தக்காரர்கள். மூட்டையோடு நிற்கிற கிழவி சம்பந்தியின் சித்தியாக இருந்துவிட்டால்? சைக்கிளில் வருகிறவன் மாப்பிள்ளையின் பங்காளியாக இருந்துவிட்டால்? யார் என்று கேட்டுக்கொண்டு ஓட்ட முடியுமா? அங்கமுத்து எல்லோருக்கும் ஒதுங்க ஆரம்பித்தார். கட்டை வண்டிக்கு ஒதுங்கினார். ஆட்டு மந்தைக்கு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். ஸ்டாப் வந்தால் ஸ்டாப்பிலேயே நிறுத்தினார். எச்சில் துப்ப ஒரு பழைய பால் டப்பாவைப் பக்கத்தில் கட்டி வைத்துக்கொண்டார். முதலில் மரியாதைக்குச் செய்திருப்பார். போகப் போக அது அவருக்கே பிடித்துப்போய்விட்டது என்று நினைக்கிறேன். பள்ளத்தில் நின்று திட்டிய பொம்பிளைகள் இப்போது கையை ஆட்டினார்கள். அவரும் ஆட்டினார்.

மாசி பிறந்தது. என் கணவர் வேலையை விடுவது பற்றி மறுபடி கேட்கவில்லை. நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஒரு நாள் காலை. வழக்கம்போலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. பேரளி வந்தது ஞாபகம் இருக்கிறது. ஜன்னலில் நல்ல குளிர்ந்த காற்று. அதற்குப் பிறகு எதுவும் ஞாபகம் இல்லை.

எங்கோ யாரோ தாழ்ந்த குரலில் அதட்டுவது கேட்டு விழித்தேன். பஸ் நின்றிருந்தது. அது பஸ் ஸ்டாண்ட் இல்லை. எக்ஸ்சேஞ்ச் வாசல். தர்மன் விசிலை வாயில் வைத்தபடி நின்றான். அங்கமுத்து டிரைவர் சீட்டிலிருந்து திரும்பி அவனைக் கண்டித்துக்கொண்டிருந்தார்.

"ஊதாதடா. டெலிபோன் அம்மா தூங்குது."

வண்டி முழுக்க ஆள். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. என் கைகளைப் பார்த்தேன். கம்பியில் இல்லை. இரண்டும் என் வயிற்றின்மேல் இருந்தன, துரு ஒட்டாமல்.

ஆனியில் எனக்கு மகள் பிறந்தாள். ஆனால் அவள் எனக்குக் கிடைத்துவிட்டாள் என்று நான் நம்பியது அந்தக் காலையில்தான்.