இரவல் அனுபவம்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் மகள் ஒருநாள் வீட்டுக்கு வந்து, அவள் வேலை பார்க்கும் இடத்தில் மேல் பதவிக்கு நேர்காணல் வைத்திருக்கிறார்கள் என்றாள். ஐந்து வருட அனுபவம் கேட்கிறார்களாம். அவளிடம் இருந்தது ஒன்றரை வருடம்.

"சித்தப்பா, செய்யாத ஒண்ணச் செஞ்ச மாதிரி எப்படிச் சொல்லுது? நீங்கதான் கத எழுதுதியளே."

எனக்குச் சிரிப்பு வந்தது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகுதான் அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று உறைத்தது. அவளுக்கு அந்த வேலை கிடைத்ததா என்று கேட்காதீர்கள். அவள் வேறு, இந்தக் கதையில் வருகிறவள் வேறு. படித்தால் சண்டைக்கு வருவாள் என்பதால் ஊர், தொழில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

2.

'குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிய அன்று, ஃபாயிஸா'

வேண்டாம். குற்றாலம் என்றதும் சாரலை இழுத்துக்கொண்டு வருவது எங்கள் பக்கத்து எழுத்துக்காரர்களின் கெட்ட பழக்கம். நடந்தது மார்ச் மாதத்தில். அருவியில் பாறைதான் தெரிந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். லாட்ஜுகளில் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிகள் ஆள் எடுப்பதும் ஆளை மாற்றுவதும் இந்த மாதங்களில்தான்.

'ஃபாயிஸா பார்ப்பதற்கு அழகான'

அதுவும் வேண்டாம். அந்த நேர்காணலில் அழகைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நேரே சொல்கிறேன். ஃபாயிஸா தென்காசிக்காரி. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, குற்றாலத்தில் பால்வண்ணநாதன் என்பவரின் லாட்ஜில் ரிசப்ஷனில் சேர்ந்தாள். ஒரு சீசன்தான் பார்த்திருந்தாள். அவளுடைய வாப்பா பரீதுக்கு ஜவுளிக்கடை. மகள் கவுண்டரில் நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"வரப்போற சீசனோட போதும்மா. போறவன் வாரவனுக்கெல்லாம் சாவி எடுத்துக் குடுக்கது நமக்கு வேண்டாம். மேனேஜர்னா சொல்லு, அது வேற."

மேனேஜர் என்று அவர் சொன்னது, அது நடக்காது என்ற தைரியத்தில். ஆனால் பால்வண்ணநாதன் தென்காசியில் புது லாட்ஜ் ஒன்று கட்டி முடித்து, அதற்கு மேனேஜர் வேண்டும் என்று சொல்லிவிட்டார். கிடைத்தால் ஃபாயிஸா வேலைக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் வீடு, பிறகு ஒரு மாப்பிள்ளை. வேறு வழி எதுவும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

3.

லாட்ஜின் மொட்டை மாடியில், காயப்போட்ட படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் ஒத்திகை நடந்தது. முதலாளியாக நடித்தவள் தங்கபுஷ்பம். இவளும் ரிசப்ஷன்தான். ஃபாயிஸாவின் வயதுதான், ஆனால் நான்கு சீசன் பார்த்தவள். இலஞ்சியில் வீடு, அம்மாவும் அவளும் மட்டும்.

தங்கபுஷ்பம் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லும்மா. நெருக்கடியான நேரத்துல, யாருட்டயும் கேக்காம நீயா ஒரு முடிவு எடுத்திருக்கியா?"

"ஏசி ரிமோட் வேல செய்யலன்னு ஒருத்தர் கத்துனாரு. பக்கத்து ரூம் ரிமோட்ட எடுத்துக் குடுத்தேன்."

"வெளங்கும். ரிமோட் கடையில வேணா வேல போட்டுக் குடுப்பாரு."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு ஃபாயிஸா சிரிப்பை நிறுத்திவிட்டாள். கண் கலங்கிவிட்டது. தங்கபுஷ்பத்துக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி, இதுக்குப் போய் அழுவாவளா? என்னோடத எடுத்துக்கோ. அந்த வேன்காரங்க கதய."

(அந்த வேன்காரர்கள் கதை இது. போன ஜூலையில் எவனோ ஒருவன் இந்த லாட்ஜின் பெயரில் போலியாக ஓர் இணையப் பக்கம் தொடங்கி, பலரிடம் முன்பணம் வாங்கிவிட்டான். விடியற்காலையில், கொட்டும் மழையில், குழந்தை குட்டிகளோடு ஒரு வேன் வந்து நின்றது. லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை. வந்தவர்கள் கவுண்டரை உடைக்காத குறைதான். முதலாளி காசிக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. காலை டூட்டியில் தனியாக இருந்த தங்கபுஷ்பம், பூட்டிக் கிடந்த கல்யாண ஹாலைத் திறந்துவிட்டாள். ஸ்டோரிலிருந்த புது மெத்தைகளை எடுத்துப் போட்டாள். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். கோபம் தணிந்ததும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போலீஸில் புகாரும் எழுதிக் கொடுக்க வைத்தாள். திட்டிக்கொண்டே வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.)

இவ்வளவையும் செய்துவிட்டு, அவள் முதலாளியிடம் வாயே திறக்கவில்லை. கேட்காமல் ஹாலைத் திறந்ததற்குத் திட்டு விழும் என்ற பயம். மெத்தைகள் வேறு நனைந்துவிட்டன. வெயில் வந்ததும் காயவைத்து மடித்து வைத்துவிட்டு, நல்லவேளை யாருக்கும் தெரியவில்லை என்று இருந்துவிட்டாள். அது தன்னுடைய திறமை என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. அதைத் தன் குற்றம் என்றே நினைத்திருந்தாள். குற்றத்தைத் தூக்கிக் கொடுப்பதில் அவளுக்கு என்ன கஷ்டம்?

4.

இந்த இடத்தில் எனக்குத் தங்கபுஷ்பத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு நல்லவள் உண்டா? முதல் பிரதியில் அவளைத் தியாகியாக்கி, கண்ணில் ஒரு சொட்டு நீரும் வைத்திருந்தேன். படித்துப் பார்த்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டேன்.

அவள் தியாகி எல்லாம் இல்லை. 'உனக்கே அந்த வேலைக்கு ஆசையில்லையா' என்று ஃபாயிஸா ஒப்புக்குக் கேட்டபோது, "டிகிரி கேட்டிருக்காவல்லா. பன்னெண்டாங் கிளாசுக்குச் சாவிக்கொத்துதான்" என்று வெடுக்கென்று சொன்னவள். அதில் வருத்தம் இருந்தது. நமக்கில்லாதது நம் கூட்டாளிக்காவது வரட்டும் என்ற எண்ணமும் இருந்தது. பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரிதான் இருவரும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஃபாயிஸா அந்தக் கதையை 'நான்', 'நான்' என்று சொல்லச் சொல்ல, தங்கபுஷ்பம் பக்கெட்டிலிருந்து எழுந்தே விட்டாள்.

"ஏட்டி, நீ சொல்லுதத கேட்டா அந்தப் பிள்ள எம்புட்டுப் பெரிய ஆளா இருக்கா!"

தன்னைப் பற்றி ஒருவர் அவ்வளவு நன்றாகச் சொல்லி அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

5.

நேர்காணல். பால்வண்ணநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். ஃபாயிஸா தடுமாறவில்லை. பால் காய்ச்சிய இடத்தில் அவர் தலையாட்டினார். புகார் எழுதிய இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல காரியம் பண்ணிருக்க. இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"மெத்தை நனஞ்சிட்டு சார். ஏசுவீங்கன்னு பயம்."

அதுவும் தங்கபுஷ்பத்தின் பயம்தான். அதையும் சேர்த்தே இரவல் வாங்கியிருந்தாள்.

"மெத்த கெடக்கு." அவர் சிரித்தார். பிறகு புருவத்தைச் சுருக்கினார். "அது நான் காசிக்குப் போயிருந்த வாரம்லா? காலை டூட்டி தங்கபுஷ்பத்துக்குல்லா போட்டுட்டுப் போனேன். அவ எங்க?"

இந்தக் கேள்வியை மொட்டை மாடியில் யாரும் கேட்டிருக்கவில்லை.

நான் இதற்கு மூன்று பதில் எழுதிப் பார்த்தேன்.

'அவள்தான் சார் எல்லாம் செய்தாள், நான்' (ஃபாயிஸா இதைச் சொல்ல வாயெடுத்தாள் என்பது உண்மை. வாப்பாவின் முகம் வந்து நின்றுவிட்டது.)

'நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான்' (இது போதும். இதைச் சொல்லியிருந்தாலே போதும். இதை எழுதியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் இது அவளுக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போதுதான் தோன்றியது.)

அவள் உண்மையில் சொன்னது இது:

"அவளுக்கு மேலுக்குச் சரியில்ல சார். உள்ள படுத்திருந்தா."

இருக்கிற பொய்களிலேயே தங்கபுஷ்பத்துக்குக் கெடுதல் இல்லாத பொய்யாகப் பார்த்துத்தான் அவள் எடுத்தாள். காய்ச்சல் யாருக்கும் வரலாம். ஆனால் சொல்கிறவர் நினைப்பதும் கேட்கிறவர் காதில் விழுவதும் எப்போது ஒன்றாக இருந்திருக்கிறது?

"டூட்டில படுத்திருந்தாளா?"

"காய்ச்சல் சார்."

"ம்" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

6.

வேலை கிடைத்தது. பரீது சொன்ன சொல் மாறவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் 'மக மேனேஜர்' என்று சொன்னார். தங்கபுஷ்பம் பால்கோவா வாங்கி வந்து, பெயின்ட் அடிக்கிறவர்களுக்குக்கூடக் கொடுத்தாள்.

மே மாதக் கடைசியில், சீசனுக்கு ஆள் பிரித்தபோது தங்கபுஷ்பத்தின் பெயரை முதலாளி விட்டுவிட்டார். ஃபாயிஸா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சீசன்ல படுத்துக் கெடக்க ஆளு நமக்கு ஆகாதும்மா. நீ அன்னைக்கு இல்லன்னா நம்ம பேரு நாறியிருக்கும்."

ஃபாயிஸா எவ்வளவு வருந்தினாள் என்பதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. சோறு இறங்கவில்லை. புது லாட்ஜில், மேனேஜர் என்று போட்ட கதவை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் திறந்தாள். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று கிளம்புவாள். முதலாளியின் காரைப் பார்த்ததும், நாளைக்கு என்று ஆகிவிடும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு முடிவில் அவளை முதலாளியிடம் கூட்டிப்போய் உண்மையைச் சொல்ல வைத்தேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்து இருவருக்கும் வேலை கொடுத்தார். அந்த மாதிரி முதலாளியை நான் பார்த்ததில்லை, கிழித்துப் போட்டேன். இன்னொரு முடிவில் தங்கபுஷ்பத்துக்கு விஷயம் தெரிந்து, பஸ் ஸ்டாண்டில் வைத்து ஃபாயிஸாவை ஓங்கி அறைகிறாள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஃபாயிஸாவுக்கும் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் தங்கபுஷ்பத்துக்கு விஷயம் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? சொல்ல வேண்டியவள் சொல்லவில்லையே.

7.

ஜூன் மாதம் தங்கபுஷ்பமே தென்காசிக்கு வந்தாள். மேனேஜர் அறைக்குள் நுழைந்து, நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, "நல்லா இருக்குட்டி" என்றாள். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அப்படி இல்லை.

"முதலாளி ஏன் என்னக் கூப்பிடலன்னு தெரியல. மெத்தய நனச்சது நான்தான்னு தெரிஞ்சிட்டோ என்னமோ. விடு, அத விடு. செங்கோட்டை ரோட்டுல புதுசா ஒரு லாட்ஜ் தொறக்காவ. ரிசப்ஷனுக்கு ஆளு எடுக்காவ. நாளைக்கு என்னயக் கூப்பிட்டிருக்காவ."

"நல்லது புஷ்பம். கண்டிப்பாக் கெடைக்கும்."

"இல்லட்டி, அவுகளும் அதே கேள்வியத்தான் கேப்பாவ. நெருக்கடி, முடிவு, அது இதுன்னு. எங்கிட்ட இருக்கது அது ஒண்ணுதான்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "ஆனா நீ அத உன் பேர்ல சொல்லிட்ட. இப்ப நான் போய்ச் சொல்லி, அவுக நம்ம முதலாளிக்குப் போனப் போட்டுக் கேட்டுட்டா உன் வேலைக்குச் சங்கடம்லா? அதான் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

தங்கபுஷ்பம் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அந்த வேன்காரங்க கதய, நாளைக்கு ஒரு நாள் மட்டும் நான் சொல்லிக்கிடட்டுமா?"

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஃபாயிஸா என்ன சொன்னாள் என்று எழுத நான்கைந்து தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் அவளைக் காப்பாற்றத்தான் எனக்குக் கை போனது. உங்களுக்கு அவள் மேல் என் அளவுக்குப் பாசம் இருக்காது. அதனால் பதிலை நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் நல்லது. தங்கபுஷ்பம் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.