விசிலுக்கு ஓடி வந்த நாய்

காலையில் அவனுக்கு முன்பே அவனுடைய வலது தோள்பட்டை விழித்துக்கொள்ளும். புரண்டு படுக்கலாம் என்று நினைப்பதற்குள் உள்ளே கம்பியை விட்டுத் திருகுவதுபோல வலி பிடுங்கும். பாதி ஆயுசு முழுக்கப் பாறையில் துளை போடும் மெஷினை நெஞ்சோடு அணைத்துப் பிடித்ததற்குக் கிடைத்த கூலி அது. சட்டைக்குள் வலது கையை நுழைக்க இன்னொரு ஆள் வேண்டும். முன்பு மனைவி இருந்தாள்.

மகளின் பேறுகாலம் பார்க்க நகரத்துக்குப் போனவள். பிள்ளைக்குத் தலை நிற்கட்டும் என்றாள், பல் முளைக்கட்டும் என்றாள். இப்போது அது வீடெல்லாம் ஓடுகிறதாம். "ஓடுற புள்ளைய விட்டுட்டு எப்படி வர்றது, நீங்களே சொல்லுங்க" என்கிறாள் போனில். அவன் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

கை தூக்க முடியாதவனைக் கல்குவாரியில் யார் வைத்துக்கொள்வார்கள்? மேஸ்திரி அனுப்பிவிடத்தான் பார்த்தார். மனைவியின் தம்பிதான் குறுக்கே விழுந்தான். குவாரியில் அவனுக்குப் பெயர் சம்மட்டி. அவன் ஓங்கினால் பாறை தானாக வழிவிடும் என்பார்கள்.

"மாமா ஒரு ஓரமா நின்னு விசில் ஊதட்டும் மேஸ்திரி. மூச்சு இருக்குல்ல, அது போதும்."

அன்றிலிருந்து அவன் விசில்காரன். வெடி வைப்பதற்கு முன் மேட்டில் ஏறிச் சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்து நீளமாக ஊத வேண்டும். பள்ளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இரும்புத் தகடு அடித்த கொட்டகைக்குள் போய்விடுவார்கள். ஒரு மூலை விடாமல் பள்ளத்தைப் பார்த்து, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே கொடியை இறக்க வேண்டும். கொடி இறங்கினால் வெடிக்காரர் பொத்தானை அமுக்குவார். பார்க்கப்போனால் வேலை ஊதுவதில் இல்லை, பார்ப்பதில்தான்.

குவாரிக்குத் திரும்பும் வளைவில் வண்டிகள் வேகம் குறைக்கும். நகரத்துக்காரர்களுக்கு அது தோதான இடம். கார் நிற்கும், கதவு திறக்கும், ஏதோ ஊர் சுற்றிக் காட்டத்தான் கூட்டிவந்திருக்கிறார்கள் என்ற குஷியில் நாய் குதித்து இறங்கும். கதவு மூடிக்கொள்ளும். அப்படி இறங்கியவற்றில் சில டிப்பர் லாரிச் சக்கரத்தில் போய்ச் சேர்ந்தன. மிச்சம் கூட்டம் கூடி ஆடுகள்மேல் பாய்ந்தன. ஆட்டுக்காரர்கள் வயிறெரிந்து கறியில் விஷம் வைத்தார்கள். இறக்கிவிட்டுப் போனவனை ஒருத்தரும் கேட்டதில்லை, அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்.

அந்தச் செவலை நாயும் அப்படி வந்ததுதான். கழுத்தில் பட்டை, வயிற்றில் இன்னும் வீட்டுச் சாப்பாட்டின் மினுமினுப்பு. வளைவிலேயே உட்கார்ந்திருந்தது. வெள்ளைக் கார் எது போனாலும் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவிட்டு, நாக்குத் தொங்கத் திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும்.

அது வந்த மறுநாள் வெடிக்கு ஊதினான். ஊதி முடிக்கவில்லை, வளைவிலிருந்து செவலை கிளம்பியது. காது பின்னால் மடங்க, உடம்பே வாலாக ஆட, புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தது. அதை வளர்த்தவன் விசில் அடித்துக் கூப்பிடுகிறவனாக இருந்திருக்க வேண்டும். எட்டிப் பிடிக்கிற தூரம் வந்ததும் சடக்கென்று நின்றது. மூக்கைத் தூக்கி மோந்தது. வளர்த்தவன் இல்லை. வால் மெல்ல இறங்கியது. திரும்பி நடந்தது.

கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த சம்மட்டி கத்தினான்: "என்ன மாமா! எங்கக்காகூட உங்களப் பாத்து இப்படி ஓடி வந்ததில்லையே!"

"வாய மூடுடா மாப்ள."

பள்ளமே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் இரவு தட்டைக் கழுவும்போது அந்த ஓட்டம் கண்ணுக்குள் நின்றது. தன்னை நோக்கி ஒரு உயிர் அப்படி ஓடி வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தான். மகள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வந்திருப்பாள்.

மறுநாள் வெடி இல்லை. சாயங்காலம் மேட்டில் ஏறி, சும்மா மெதுவாக ஊதினான். பள்ளத்தில் இருந்தவர்கள் போட்டது போட்டபடி கொட்டகைக்கு ஓடினார்கள். செவலையும் ஓடி வந்தது. நின்றது, மோந்தது, போயிற்று.

"யோவ், வெளையாடுறியா? உசுரு போற சாமான்யா அது!" மேஸ்திரி எகிறினார்.

"நாயி ஒண்ணு வருதுங்க. பழக்கிரலாம்னு..."

"பழக்கறதுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கு. ஆட்டுக்காரனுங்க இந்த வாரம் வளைவுல மருந்து வைக்கப்போறானுங்க. சொல்லிட்டேன், அப்புறம் எங்கிட்ட வந்து அழாத."

அன்றே கயிறு போட்டு இழுத்துப் போனான். ராத்திரியோடு ராத்திரியாகக் கயிற்றைக் கடித்துத் துண்டாக்கிவிட்டு அது வளைவுக்குப் போய்விட்டது. கட்டி வைத்து ஆகாது, அதுவாக வந்தால்தான் உண்டு. அதனால் ஊதினான். வேலைக்கு வந்ததும் ஊதினான், சாப்பாட்டு நேரத்தில் ஊதினான், மேஸ்திரி தலை மறைந்தால் ஊதினான். ஒவ்வொரு முறையும் அது ஓடி வந்தது. நிற்கிற தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பள்ளத்தில் இப்போது யாரும் ஓடவில்லை. "மாமா அவரு நாயக் கூப்பிடுறாரு" என்று சம்மட்டி சொல்வான், எல்லோரும் கையிலிருந்த வேலையைத் தொடர்வார்கள். வெடி இருக்கிற நாளில் மேஸ்திரியே இறங்கி ஆட்களைக் கொட்டகைக்கு விரட்டுவதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அன்றைக்கு மேஸ்திரி மூத்த பையனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். வெடிக்காரர் துளையில் வெடிமருந்து நிரப்பிவிட்டுக் கையைக் காட்டினார். விசில்காரன் மேட்டில் ஏறினான், கொடியைத் தூக்கினான், ஊதினான். கொட்டகைப் பக்கம் ஆட்கள் நகர்வது தெரிந்தது. ஓரத்துப் பாறை நிழலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சம்மட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை. "போங்கடா பயந்தாங்கொள்ளிகளா, மாமா நாயக் கூப்பிடுறாரு" என்றானாம். பிறகு சொன்னார்கள்.

செவலை வந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. நேராக வந்து அவன் முழங்காலில் தலையை முட்டி, அப்படியே சாய்ந்துகொண்டது. மூச்சு வாங்கியது. வேட்டி வழியாக அதன் சூடு அவன் காலில் இறங்கியது. குனிந்து அதன் நெற்றியைத் தொட்டான்.

தொடுவதற்குக் கொடி பிடித்த இடது கை வேண்டியிருந்தது. கொடியை இறக்கினான்.

வெடித்த பிறகு கல் மழையாகக் கொட்டும் சத்தம் எப்போதும் கேட்பதுதான். அதற்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. அவன் மேட்டிலிருந்து உருண்டு இறங்கி ஓடினான். தலையில் விழ வந்த கல்லைச் சம்மட்டி வலது கையால் தடுத்திருந்தான். தலை தப்பியது. கை கையாக இல்லை. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

குவாரியில் இப்போது சைரன் வைத்துவிட்டார்கள். விசில்காரன் ஜல்லி உடைக்கும் கிரஷரில் தூசி கூட்டுகிறான். போலீஸ் கேட்டபோது சம்மட்டி, "நாந்தான் எந்திரிக்கல, மாமா ஒழுங்காத்தான் ஊதினாரு" என்று சொல்லிவிட்டான். யாரும் விசில்காரனை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் தேவலை.

செவலை வளைவுக்குப் போவதில்லை. எந்தக் கயிறும் இல்லாமல் அவன் வாசலில் படுத்திருக்கிறது. அவன் தெருமுனையில் திரும்பினாலே ஓடி வருகிறது. அவன் அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்க் கதவைத் திறக்கிறான். தட்டில் மட்டும் குறைவில்லாமல் போடுகிறான்.

மனைவியும் வந்துவிட்டாள். செய்தி கேட்ட அன்றே பேரப்பிள்ளையை மகளிடம் போட்டுவிட்டு ஓடி வந்தாள், தம்பி வீட்டுக்கு. இரண்டு வாசல் தள்ளி இருக்கிறாள். இருமினால் கேட்கிறது. தோய்த்த புடவை கொடியில் ஆடுவது தெரிகிறது. இந்தப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனான். நிலைப்படியைத் தாண்டவில்லை. உள்ளே மனைவி சாப்பாட்டைப் பிசைந்து தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கண்ணை உயர்த்தவில்லை. அவள் கை போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்த்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இளைத்திருந்தாள்.

"என்ன மாமா, அங்கயே நின்னுட்டீங்க? நாயி எப்படி இருக்கு?" என்றான் சம்மட்டி, வாயில் சாப்பாட்டோடு.

"வீட்ல கெடக்கு மாப்ள."

"நல்லாப் பாத்துக்கோங்க. வெல ஜாஸ்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கூடச் சிரிக்க அங்கே ஆள் இல்லை. மனைவி அடுத்த வாயை உருட்டினாள்.

மாப்ளைக்கு அவன் ஒரு வலது கை தர வேண்டும்.