கம்பி பிடிக்கிறவன்

"இன்னும் கொஞ்சம் மேல, அண்ணே. இன்னும்... ஆங், போதும். அசையாதே!"

ஓரின் அசையவில்லை. ஜன்னலின் மேல் மூலையில் வலது கையை உயர்த்தி, ஆண்டெனாக் கம்பியின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கோர்ட்டில் சத்தியம் செய்கிறவன் மாதிரி நின்றான். டெலிவிஷனில் இரைச்சல் அடங்கிக் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. கூரைமேல் இருந்த ஆண்டெனா இலையுதிர்காலக் காற்றில் விழுந்திருந்தது. அடுத்த வாரம் ஏறிச் சரி செய்கிறேன் என்று ஓரின் சொல்லிச் சொல்லியே மொண்டானாவுக்குக் குளிர்காலம் வந்து, கூரையும் பனியில் மறைந்துபோனது. கம்பியைத் தம்பி லைல் பிடித்தால் படம் ஆடும், ஓரின் பிடித்தால் நிற்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. அவன் உயரமா, அவன் உடம்பா, என்ன எழவோ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் கௌபாய்த் தொடர் வரும் நேரத்தில் ஓரினுக்கு அதுதான் வேலை.

அதில் ஒரே ஒரு சங்கடம். ஜன்னல், டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் இருந்தது. கம்பியைப் பிடிக்கிறவனுக்குப் பெட்டியின் முதுகு தெரியும், எதிரே சோபா தெரியும். படம் மட்டும் தெரியாது. குளிர்காலம் முழுக்க அந்தத் தொடரை ஓரின் காதால்தான் பார்த்தான். யார் சுட்டார்கள், யார் செத்தார்கள் என்பதை லைலின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

இன்று சோபாவில் இரண்டு முகங்கள் இருந்தன. லைலுக்குப் பக்கத்தில், அம்மாவின் பழைய கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் பாப்கார்ன் கிண்ணத்தோடு மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் காரில் தபால் கொண்டுவருகிறவள் அவள். வெள்ளிக்கிழமை புயல் பிடித்துக்கொண்டபோது அவளுடைய கார் இவர்கள் கேட்டருகே பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஓரின்தான் இடுப்பளவு பனியில் நடந்துபோய் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தான். அதற்குப் பிறகு சாலையும் இல்லை, போனும் இல்லை. மின்சாரம் மட்டும் யார் செய்த புண்ணியமோ, போகவில்லை.

அவளை அவனுக்குப் பிடித்திருந்தது. இன்று நேற்றல்ல, அவள் இந்த வழிக்குத் தபால் கொண்டுவர ஆரம்பித்த கோடையிலிருந்தே. கேட்டருகே உள்ள தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டிய ஆளை எப்படி நிறுத்துவது என்று யோசித்தவன், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். பார்சல் வந்தால் அவள் காரை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும். அதனால் கேட்டலாக் பார்த்துக் கையுறைக்கு ஆர்டர் எழுதினான். அது வந்ததும் இன்னொரு ஜோடி. அப்புறம் கத்தி தீட்டும் கல், அப்புறம் மறுபடியும் கையுறை. அவள் பார்சலைக் கொடுக்க, இவன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றித் தர, காரின் மேல் சாய்ந்து இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். வேறெதுவும் பேசியதில்லை. பேசலாம், அவசரம் என்ன என்று இருந்துவிட்டான். போன செப்டம்பரில் லைல் ராணுவத்திலிருந்து திரும்பி வந்தான். வந்த இரண்டாம் வாரமே அவளைச் சனிக்கிழமை நடனத்துக்குக் கூட்டிப்போனான். அவ்வளவுதான் சமாசாரம்.

"இங்க பாரு, மேவிஸ்," லைல் கையை நீட்டிச் சிரித்தான். "இந்தக் குதிரைக்குப் போன தடவை நெத்தியில வெள்ளை இல்ல. இப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"வயசாயிடுச்சு போல. நரைச்சிருக்கும்."

"பண்ணைன்னு பேரு. ஒருத்தனாவது சாணி அள்றானா பாரு! சட்டையில ஒரு கறை இல்ல."

"அவங்க கன்னுக்குட்டி எல்லாம் குளிக்கிற தொட்டியில படுக்காது, லைல். மரியாதையான கன்னுங்க."

குளியலறையிலிருந்து அதற்குப் பதில் சொல்வதுபோல ஒரு கத்தல் வந்தது. காலையில் பனியில் விறைத்துக் கிடந்த கன்றை ஓரின் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தொட்டியில் வெந்நீர் விட்டு உயிர் மீட்டு, சாக்கு விரித்து அங்கேயே படுக்க வைத்திருந்தான். மேவிஸ்தான் புட்டியில் பால் கொடுத்தாள். மூவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது ஓரினின் கை ஆடியது.

"அண்ணே!"

"சரிடா, சரி."

மத்தியானம் தொழுவத்தில் வைக்கோல் போடும்போது லைல் அவனிடம் சொல்லியிருந்தான். இன்று படம் முடிந்ததும் மேவிஸைக் கேட்கப்போகிறானாம். கட்டிக்கொள்கிறாயா என்று. "புயல்லயும் ஒரு நல்லது, அண்ணே. அவளால எழுந்து ஓட முடியாது பாரு," என்று சிரித்தான். பிறகு வைக்கோல் அள்ளும் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு, கொஞ்சம் தயங்கி, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டான்.

"எனக்கு என்னடா," என்றான் ஓரின்.

அந்த இரண்டு வார்த்தைதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அம்மா போனபோது லைல் சின்னப் பையன். அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது, குதிரையேறக் கற்றுக்கொடுத்தது எல்லாம் ஓரின்தான். அவன் எதைக் கேட்டாலும் கொடுத்துப் பழகிய கை. ஆனால் இது அப்படிக் கொடுக்கக் கூடியதா? அவள் சரி என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டுக்குத்தான் வருவாள். காலையில் காபி அவள் கையால்தான். ராத்திரி பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் சிரிப்பது இவனுக்குக் கேட்கும். எழுந்து எங்கேயும் போகவும் முடியாது. நிலத்தைப் பிரிக்கக் கூடாது, இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அப்பா சாகும்போது கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டார். கன்று போடும் காலம் முடிந்தால் தீவனப் புல் அறுப்பு, அது முடிந்தால் மாடு ஓட்டிச் சேர்ப்பது. சாகிறவரைக்கும் இதுதான். தம்பியின் மேல் இப்படி வயிறு எரியும் என்று ஓரின் நினைத்ததே இல்லை. அவன் அழகாகச் சிரிப்பதுகூட இப்போது பிடிக்கவில்லை.

இன்றைய கதை பாழாய்ப்போன அண்ணன் தம்பிக் கதையாகவே அமைந்துவிட்டது. இரண்டு சகோதரர்கள், பக்கத்துப் பண்ணையில் ஒரு பெண். தம்பி அவளோடு வண்டியில் ஊர் சுற்றுகிறான். அண்ணன் வேலிக் கம்பத்தின் அருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் போல. பேச்சே இல்லாமல் சோகமாக வயலின் மட்டும் ஒலித்தது.

"இவன் என்ன, அவளைப் பார்த்துட்டே நிக்கிறான்? வாயில பூட்டா போட்டிருக்கான்?" லைல் பாப்கார்னை வாயில் எறிந்துகொண்டான். "பிடிச்சிருந்தா சொல்லித் தொலைய வேண்டியதுதானே. மரம் மாதிரி நின்னா அவளுக்கு எப்படித் தெரியும்?"

ஓரின் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தான். தோள் வலித்தது.

சோப்பு விளம்பரம் வந்தது. மேவிஸ் தலையைத் திருப்பி அவனை, அவன் உயர்த்திய கையை, பார்த்தாள். ஜன்னலோரக் குளிருக்காக அவன் போட்டிருந்த தோல் கையுறை கிழிந்து கட்டைவிரல் வெளியே தெரிந்தது.

"நான் உங்களுக்கு எத்தனை ஜோடி கையுறை கொண்டுவந்து குடுத்திருக்கேன், ஓரின்? ஒண்ணைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லையே."

ஓரின் பதில் தேடுவதற்குள் லைல் முந்திக்கொண்டான்.

"அதையேன் கேக்கிற! அலமாரி நிறைய இருக்கு. ஒரு பொட்டலத்தைக்கூடப் பிரிக்கல. அண்ணனுக்குக் கையுறை வேணாம், பார்சல் வந்தாப் போதும்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பில் யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. மேவிஸ் கிண்ணத்துக்குள் விரலை விட்டபடி அப்படியே இருந்தாள். பிரிக்காத பொட்டலங்கள் ஒவ்வொன்றையும், அவற்றோடு அவன் ஊற்றிக் கொடுத்த காபியையும், அவள் இப்போது நினைத்துப் பார்க்கிறாள் என்பது ஓரினுக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. ஓடி ஒளிய இடமில்லை. கையை இறக்கினால் படம் போய்விடும். படம் போனால் ஏன் என்று கேட்பார்கள். கன்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனால் அது இன்னும் மோசம். பொறியில் கால் மாட்டிக்கொண்ட நரி மாதிரி நின்ற இடத்திலேயே நின்றான்.

விளம்பரம் முடிந்து கதை தொடர்ந்தது. நாற்காலி உடையும் சத்தம் கேட்டது. அண்ணனும் தம்பியும் மதுக்கடையில் கட்டிப் புரள்கிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் லைல் துள்ளிக் குதித்து, யார் அடித்தார்கள், யார் வாங்கினார்கள் என்று நேரடி வர்ணனை கொடுப்பான். இன்று வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு குரல் கத்தியது: "அவளை உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும்! எல்லாத்தையும் உனக்கு விட்டுக்குடுத்தேன். இவளை மாட்டேன்!"

நீல வெளிச்சம் மூன்று முகங்களில் இரண்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. லைல் திரையைப் பார்த்தான், மேவிஸைப் பார்த்தான், கடைசியாக அண்ணனைப் பார்த்தான். ஓரின் கூரையைப் பார்த்தான். மறுபடியும் சோப்பு விளம்பரம். ஒரு பெண் துணி வெளுப்பைப் பற்றிப் பாட்டே பாடினாள்.

லைல் கிண்ணத்தை அவள் மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான். படம் முடியும் வரை காத்திருக்கப் போவதில்லை என்று ஓரினுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம்டா, நான் இங்கே நிற்கும்போது வேண்டாம் என்று மனசு கதறியது.

"மேவிஸ், முடிஞ்சப்புறம் கேக்கணும்னுதான் இருந்தேன். இப்பவே கேட்டுடறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

சோப்புப் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே காற்று வீட்டுச் சுவரை மாடு முட்டுவதுபோல முட்டியது. மேவிஸ் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். லைலின் முகத்தை அவள் பார்த்த பார்வையில் பிரியம் இருந்தது, அது ஓரினுக்கு நன்றாகவே தெரிந்தது. பிறகு அவள் திரும்பினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க, ஓரின்?"

"அண்ணன்கிட்ட எதுக்குக் கேக்கிற? அவருக்கு ஒண்ணும் இல்லையாம். நான் கேட்டுட்டேன்."

"நான் இன்னும் கேக்கல."

லைலின் காது சிவந்தது. ஓரின் வாயைத் திறந்தான். எத்தனையோ நாள் கேட்டருகே காபி ஆறிக்கொண்டிருக்க, தொண்டை வரை வந்து திரும்பிப் போன வாக்கியம் இப்போதும் அங்கேதான் நின்றது. பெட்டியில் வயலின் தொடங்கியது.

"படம்... படம் ஆரம்பிச்சிடுச்சு," என்றான்.

சொன்னதுமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மேவிஸ் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் சால்வையைச் சோபாவில் போட்டுவிட்டு எழுந்து நேராக ஜன்னலுக்கு வந்தாள். அவனிடமிருந்து கம்பியின் நுனியைத் தன் விரல்களுக்கு மாற்றிக்கொண்டாள். அவள் முடியில் அந்தக் கன்றின் பால் வாடை அடித்தது.

"போய் உக்காருங்க. ஒரு தடவையாவது முடிவைக் கண்ணால பாருங்க."

"உனக்கு எட்டாது, மேவிஸ்."

"எட்டுற வரைக்கும் எட்டட்டும்."

ஓரின் போய் உட்கார்ந்தான். சோபாவின் இந்த ஓரத்தில் அவன், அந்த ஓரத்தில் லைல், நடுவில் அவள் உட்கார்ந்திருந்த இடம் குழிந்து, இன்னும் சூடாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாகப் பெட்டியின் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டிக்கொண்டிருந்தன, வெளியே கொட்டுவதைப் போலவே. புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தது. யாருக்கென்று தெரியவில்லை.

மேவிஸ் நுனிக்காலில் எம்பி நின்றாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அவள் கை மெல்ல நடுங்கத் தொடங்கியது. அந்த வலி எங்கே ஆரம்பித்து எங்கே போகும் என்று ஓரினுக்குத் தெரியும். அவள் திரையைப் பார்க்கவில்லை, அங்கிருந்து அதைப் பார்க்கவும் முடியாது. அங்கே நிற்பவருக்குச் சோபாவில் இருக்கும் முகங்கள் மட்டும்தான் தெரியும். தன் முகத்தில் இப்போது என்ன தெரிகிறதோ என்று நினைத்து அவன் பயந்தான். முகத்தைத் திருப்பவும் இடமில்லை. இந்தப் பக்கம் திருப்பினால் தம்பி.

"லைல்," என்றான். குரல் யாருடையதோ போல இருந்தது. "சத்தத்தைக் குறை."

லைல் அசையவில்லை. முழங்கால்களில் கையை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சின்ன வயதில் அடி வாங்கப்போகிறோம் என்று தெரிந்ததும் இப்படித்தான் உட்காருவான்.

"நான் பேசணும்டா."

லைல் எழுந்தான். அண்ணனைப் பார்க்காமல் பெட்டியருகே போய்க் குனிந்தான். சத்தத்தைக் குறைக்கவில்லை, பெட்டியையே அணைத்துவிட்டான். புள்ளிகள் எல்லாம் நடுவில் ஓடிச் சுருங்கி, ஒரு வெள்ளைப் பொட்டாக நின்று, மங்கிப்போயின. சமையலறை விளக்கின் வெளிச்சம் மட்டும் தரையில் நீண்டு கிடந்தது. குளியலறையில் கன்று ஒரு முறை கத்திவிட்டு, யாரும் வராததால் அடங்கியது. லைல் பெட்டியின் மேல் கையை வைத்தபடி முதுகைக் காட்டி நின்றான்.

இனிப் பிடிப்பதற்குப் படம் இல்லை. ஜன்னல் மூலையில் மேவிஸின் கை மட்டும், நடுங்கிக்கொண்டே, கம்பியை விடாமல் உயர்ந்து நின்றது.