மூன்றாம் தண்ணீர்

குழந்தைவேலுவின் வேனில் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலோர சீட் பதினெட்டு வருடம் காயவே இல்லை. வெயிலில் நிறுத்தினாலும் அப்படித்தான், ஷெட்டில் நிறுத்தினாலும் அப்படித்தான். ஊறியது கடல் தண்ணீர். மற்ற மாதங்களில் உட்கார்ந்து எழுந்தால் துணி நனைகிற அளவுக்கு இருக்கும். டிசம்பர் பிறந்துவிட்டால் ஓரத்தில் சொட்டும். போர்ட் பிளேர் மெக்கானிக்குகள் கதவு ரப்பரை மாற்றினார்கள், கூரையில் தார் பூசினார்கள், ஸ்பான்ஜைப் பிய்த்தெறிந்து புதிதாக வைத்துத் தைத்தார்கள். புதிய ஸ்பான்ஜ் மறுநாள் காலையில் நனைந்திருந்தது. ஒருமுறை சீட்டின் மடிப்பில் விரல் நீள மீன்குஞ்சு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை அந்த வேனுக்கு அடியில்தான் படுத்தது. அவர் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியில் யாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தக்காளி என்ன விலை, மெயின்லேண்ட் கப்பல் எப்போது வருகிறது என்று கேட்கும் வாயோடு, சீட் இன்றைக்கு எப்படி என்றும் கேட்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான் ஈரம். இத்தனை வருடத்தில் அது வளரவில்லை.

அந்தப் பிள்ளையின் பெயர் கோகுல். அப்போது குடும்பம் கட்சால் தீவில் இருந்தது. குழந்தைவேலுவும் அவர் மனைவி விசாலாட்சியும் அங்கே அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். இருவரின் பெற்றோரும் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து குடியேறியவர்கள். வரும்போது யாரோ முந்தானையில் வேப்பங்கொட்டையை முடிந்து வந்ததால், தோட்டத்து மேட்டில் ஒரே ஒரு வேப்பமரம் நின்றது. சுனாமி வந்த டிசம்பரில் கோகுலுக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டில் சில முறைகள் உண்டு. உங்களில் தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தாளிக்கக் கூடாது. வீட்டிலிருந்து யாரும் வெளியூர் போகக் கூடாது. பிள்ளையைத் தனியாக வேப்பிலையில் படுக்க வைக்க வேண்டும். உடம்பில் ஆத்தா இருக்கிறாள், ஆகவே தொட்டுத் தூக்கக் கூடாது, மடியில் வைக்கக் கூடாது. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, சூடேறியதும் தலைக்கு ஊற்ற வேண்டும். அப்படி மூன்று தடவை. மூன்றாம் தண்ணீர் விழுந்தால் ஆத்தா இறங்கிப் போய்விடுவாள். கோகுல் முதல் நாளிலிருந்தே மடிக்கு அழுதான். “மூணாம் தண்ணி ஊத்தட்டும்டா தங்கம், பொறகு பாரு, மடிய விட்டு எறக்கவே மாட்டேன்” என்று விசாலாட்சி எட்ட உட்கார்ந்து வேப்பங்கொத்தால் விசிறினாள்.

முறையை மீறியவர் குழந்தைவேலு. கப்பல் டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. மூத்தவள் ஷோபனாவுக்கும் அம்மை ஒட்டிவிடும் என்ற பயம் வேறு. பள்ளி லீவில் அவளைப் போர்ட் பிளேர் சுற்றிக் காட்டக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நின்று மகனிடம் சொன்னார்: “மூணாம் தண்ணி ஊத்தினதும் உன்னையும் கூட்டிப் போய் ஒண்ணு விடாம காட்டுறேன். ரோடு முடியிற வரைக்கும் போவோம்.” ரோடு எங்கே முடியும் என்று பிள்ளை கேட்டான். “தெரியாதுடா, போயித்தான் பாக்கணும்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் தண்ணீர். பொழுது விடிந்ததும் விசாலாட்சி பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முற்றத்தில் வைத்தாள், பக்கத்தில் பலகை போட்டுப் பிள்ளையை உட்கார வைத்தாள், வேப்பிலை பறிக்க மேட்டுக்கு ஏறினாள். மரத்தடியில் நிற்கும்போது தரை ஆடியது. அவள் மரத்தைக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் நின்ற பிறகு கீழே பார்த்தாள். மடி நிறைய இலையோடு இறங்கி வந்தபோது பலகை இல்லை, அண்டா இல்லை, வீடு இல்லை, பிள்ளை இல்லை.

அந்த இலைகளை அவள் மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொண்டாள். நிவாரண முகாமிலும் அவை வாடவில்லை, டெய்ரி ஃபார்மில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் வாடவில்லை. குழந்தைவேலுவுக்கு ரப்பர் கத்தியைக் கையில் எடுக்க மனம் வரவில்லை. டிரைவிங் கற்று, பழைய வேன் ஒன்றை வாங்கி, டூரிஸ்ட்டுகளை ஏற்றினார். வேன் வீட்டுக்கு வந்த முதல் நாளே அந்த சீட் நனைந்திருந்தது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், உப்பு. விசாலாட்சி எட்டிப் பார்த்தாள். “கோகுல் வந்துட்டான்” என்றாள். தொடக் கையை நீட்டியவள் மூன்றாம் தண்ணீர் ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டாள்.

பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் கோகுலுக்கு ஊர் காட்டுவது அந்த வீட்டு வழக்கமானது. முதலில் ஷோபனா அப்போது பார்த்த இடங்கள்: ஜெயில், மீன் காட்சி, சாத்தம் மரம் அறுக்கும் மில். அவை தீர்ந்ததும் சிடியா டாப்பு, வண்டூர். எந்த வருடம் எங்கே போனாலும் விசாலாட்சி அதே வரிசையில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு, மறு கோடியில் உட்காருவாள். கடல் தெரியும் வளைவுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறுங்கையால் அந்தப் பக்கம் விசிறுவாள். டூரிஸ்ட்டுகள் ஜன்னலோரம் கேட்டால் குழந்தைவேலு, “ஓ சீட் புக் ஹை சாப்” என்பார். ஷோபனா வளர்ந்தாள், மெயின்லேண்டில் படித்தாள், கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள், எந்த டிசம்பரையும் தவறவிடாமல் வந்தாள். யாராவது அழகான இடத்தைக் காட்டினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பார்த்தது போதும் என்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் கணவன் அருண்பிரசாத்தையும் முதல்முறையாகக் கூட்டி வந்தாள். அவன் ஸ்வெட்டரோடு விமானத்திலிருந்து இறங்கி, வீடு வருவதற்குள் வேர்த்துக் கொட்டினான். சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “மாமா, ஏசி தண்ணி லீக்காகுது போல” என்றான்.

“மாப்ள, இந்த வண்டியில ஏசியே இல்லீங்களே.”

அருண்பிரசாத் நல்ல பையன். தன் ஸ்வெட்டரை மடித்து ஈர சீட்டின் சாய்மானத்தில் போட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

ஆனால் இந்த வருடம் வேறு ஒன்று இருந்தது. வேனுக்கு வயதாகிவிட்டது, இனி எஃப்சி கிடையாது, பொங்கலுக்குள் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். வேன் போனால் பிள்ளை எங்கே உட்காருவான் என்பதை நினைத்து விசாலாட்சி கார்த்திகையிலிருந்தே தூங்கவில்லை. ஷோபனா அடுக்களையில் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். “அம்மா, இலை இருக்கு. அந்த மூணாம் தண்ணியை ஊத்திருவோம். அவன் நல்லபடியாப் போகட்டும்.”

“எங்க போவான்? எட்டு வயசுப் புள்ள.”

“எத்தனை வருஷம்மா இப்படியே உப்புல உக்காந்திருப்பான்?”

“நீ ஊரு சுத்திப் பாத்தவ. உனக்கென்ன?”

ஷோபனா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு வெளியே போனாள். விசாலாட்சி மிச்ச வெங்காயத்தைத் தானே அரிந்தாள். அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

மீதி இருந்தது ரோட்டின் முடிவு மட்டும். ஜிர்காடாங்கில் மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்று, போலீஸ் முன்னும் பின்னும் வர பழங்குடிகள் வாழும் காட்டைக் கடந்தார்கள். படகில் வேனை ஏற்றி மறுகரை போனார்கள். பாராடாங்கில் சேற்று எரிமலை, கொப்பளிக்கும் கஞ்சி மாதிரி, அவ்வளவுதான்; வேனைக் கிட்டே கொண்டுபோக முடியாததால் குழந்தைவேலு ஓர் இலையில் கொஞ்சம் சேற்றை எடுத்து வந்து சீட்டருகே காட்டினார். ரங்கத்தில் சாப்பிட்டு, மாயாபந்தரில் தங்கி, மறுநாள் திக்லிபூர் தாண்டியும் போனார்கள். கடைசியில் ஒரு படகுத்துறை, அதற்கப்பால் தண்ணீர். குழந்தைவேலு எஞ்சினை நிறுத்தினார். பிறகு திரும்பி வெறும் சீட்டைப் பார்த்துச் சொன்னார்: “இவ்வளவுதான்டா கோகுல். ரோடு இங்கதான் முடியுது.” சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டி வேனின் தரையில் ஓடியது. ஷோபனா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

திரும்பும் வழியில், பெரார்கஞ்ச் வயல்களுக்கு நடுவே, நல்ல வெயிலில் வேன் நின்றுவிட்டது. சத்தமில்லை, புகையில்லை, சும்மா நின்றது. வரவழைத்த மெக்கானிக் பானட்டுக்குள் தலையை விட்டு எடுத்து, “கதம், சாச்சா” என்று, இனி ஓடாது என்கிற மாதிரி, கையைத் துடைத்துக்கொண்டான். இழுத்துப் போக வண்டி அனுப்புவதாகச் சொல்லிப் போனான். நேராக இரும்புக் கடைக்குத்தான். விசாலாட்சி மட்டும் இறங்கவில்லை. நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த ரெங்கம்மா என்ற பெண் அரிவாளோடு வந்து, “க்யா ஹுவா?” என்றாள். அவர்கள் பேசும் தமிழைக் கேட்டதும், “அட நம்மாளுங்களா” என்று நிழலுக்கு அழைத்தாள். ஷோபனா அவளிடம் ஓர் அண்டாவும் தண்ணீரும் கேட்டாள். குடிக்க என்று நினைத்து ரெங்கம்மா செம்பு கொண்டுவந்தாள். இல்லை, அண்டா என்றாள் ஷோபனா. அடிபம்பில் அடித்த தண்ணீரை ரோட்டோரம் வெயிலில் வைத்துவிட்டு அம்மாவைப் பார்க்காமல் நின்றாள். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. தண்ணீர் கதகதப்பாகிற வரைக்கும் விசாலாட்சி அந்த அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இறங்கினாள். இடுப்பிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து முடிச்சை அவிழ்த்தாள். இலைகள் அன்று பறித்த பச்சையோடு இருந்தன.

ரெங்கம்மா அதைப் பார்த்தாள். “எத்தனையாம் தண்ணி?”

“மூணாம் தண்ணி.”

“புள்ள எங்க?”

விசாலாட்சி சீட்டைக் காட்டினாள். ரெங்கம்மா பார்த்தாள். ஈரத்தின் அளவைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் மஞ்சள் இழைத்து எடுத்து வந்தாள்.

விசாலாட்சி இலையையும் மஞ்சளையும் தண்ணீரில் போட்டுவிட்டு அண்டாவின் ஒரு காதைப் பிடித்தாள். “நிக்கிறியே, வந்து அந்தப் பக்கம் பிடி. அவன் அக்காதானே நீ” என்றாள். ஷோபனா வந்து பிடித்தாள். தாயும் மகளுமாகத் தூக்கி, கண்ணில் படாமல், காதில் போகாமல், பிள்ளைக்கு ஊற்றுகிற மாதிரி மெல்ல மெல்ல ஊற்றினார்கள். சீட்டிலிருந்து முதலில் உப்புத் தண்ணீர் வழிந்தது, மணல் வழிந்தது, ஒரு சிப்பி விழுந்தது, கடைசியில் மஞ்சள் தண்ணீர் மட்டும் வழிந்து ரோட்டைக் கடந்து வயலில் இறங்கியது. இலைகள் அங்கேயே சுருண்டு பழுப்பாயின. குழந்தைவேலு வேனுக்கு அந்தப் பக்கம் போய் நின்று அழுதார். அருண்பிரசாத் அவர் முதுகில் கை வைத்திருந்தான்.

இழுக்கும் வண்டி வருவதற்குள் சீட் காய்ந்துவிட்டது. விசாலாட்சி உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தாள். வெயிலில் கிடந்த எந்த ரெக்சினும் சுடுகிற மாதிரி சுட்டது. “போயிட்டான்” என்றாள். வேன் கொக்கியில் மாட்டப்பட்டு வளைவில் மறைகிறவரை நின்றார்கள். பிறகு ரெங்கம்மா அரசு பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டாள். கூட்டம். ஒரு ஜன்னலோரம் கிடைத்தது, விசாலாட்சியை உட்கார வைத்தார்கள். அவள் வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள். போர்ட் பிளேர் நெருங்கும்போது பக்கத்தில் இருந்த பெங்காலிப் பெண், “தீதி, ஆப்கா சாடி பூரா பீக் கயா” என்றாள். விசாலாட்சி குனிந்து பார்த்தாள். மடி நனைந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை.

அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. சேலையைச் சரிசெய்து, பிள்ளைக்கு வெளியே தெரிகிற மாதிரி ஜன்னல் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாள். வலது பக்கம் கடல் வந்தது. அவளும் பார்த்தாள்.

இப்போது வேன் இல்லை. டெய்ரி ஃபார்ம் வீட்டில் குழந்தைவேலுதான் சமைக்கிறார், ஏனென்றால் விசாலாட்சி அதிகம் எழுந்திருப்பதில்லை. ஒரு நாளைக்கு மூன்று சேலை நனைகிறது. கொடி நிறைய அவளுடைய சேலைகள்தான். கோயம்புத்தூரிலிருந்து ஷோபனா தினமும் போனில் கேட்கிறாள், என்னம்மா பண்றான் என்று. தூங்குறான் என்று பதில் வருகிறது. தக்காளி விலை பேச வரும் பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள், கால் மரத்துப் போகாதா அக்கா, சித்த நேரம் இறக்கிவிட்டால் என்ன என்று கேட்டாள்.

“எட்டு வயசுப் புள்ள, கனக்கத்தான் செய்யும்” என்றாள் விசாலாட்சி. கைவிசிறியை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.